எதிர்பாராத விதமாக: ஒரு பெயரடையின் பின்கதை

ஆங்கிலத்தில் 'அன்எக்ஸ்பெக்டெட்' என்றொரு பெயரடை உண்டு. அகராதியைப் புரட்டினால் 'எதிர்பாராத' என்று ஒற்றைச் சொல்லில் பொருள் கிடைத்துவிடும். பள்ளிக்கூட மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு அது போதுமானது. ஆனால் 'எதிர்பாராத விதமாக' என்று நமது நாளிதழ்களில் நாள் தவறாமல் அச்சாகும் தொடரைச் சற்றே நின்று கவனித்தால் ஒரு கேள்வி எழுகிறது. எதிர்பாராதவர் யார்? எதிர்பார்த்திருக்க வேண்டியவர் என்று யாரேனும் இருந்தாரா? தொடர் இவ்விரண்டுக்கும் விடை தருவதில்லை. விடை தராமலிருப்பதே அதன் பயனோ என்றுகூடச் சில வேளைகளில் ஐயம் தோன்றுகிறது.

இக்கட்டுரை அந்தப் பெயரடையையும் அதன் தமிழ் உறவுகளையும் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நின்றுகொண்டு பார்க்க முயல்கிறது. இவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய இவ்வூரின் வைணவ வரலாறு, எதிர்பாராத நிகழ்ச்சிகளின் தொடராகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அவற்றை எப்படிப் புரிந்துகொள்வது என்று வியாக்கியான ஆசிரியர்கள் நிரம்பச் சிந்தித்திருக்கிறார்கள். இரண்டு, இதே விருதுநகர் மாவட்டத்தில், இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் சிவகாசி இருக்கிறது. 'எதிர்பாராத விதமாக' என்ற தொடர் அவ்வூர்ச் செய்திகளில் எத்தனை முறை அச்சேறியிருக்கும் என்று வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

மூன்று ஆங்கிலச் சொற்கள்

முதலில் ஆங்கிலச் சொற்களின் பூர்வீகத்தைப் பார்ப்போம். 'எக்ஸ்பெக்ட்' இலத்தீனிலிருந்து வந்தது. வெளியே நோக்குதல், வருவதைப் பார்த்திருத்தல் என்பது அதன் மூலப்பொருள். 'சடன்' என்பதும் இலத்தீன் வழிவந்ததே. கீழாகச் செல்லுதல், அதாவது பிறர் அறியாமல் பதுங்கி வந்து சேர்தல் என்ற வினையடியிலிருந்து அது கிளைத்தது. 'சர்ப்ரைஸ்' பிரெஞ்சு வழியாக வந்த சொல். மேலே பாய்ந்து பிடித்தல் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் முதலில் அது ஒரு படைத்துறைச் சொல்லாகவே புழங்கியது.

ராபர்ட் ஓர்ம் என்ற கம்பெனி வரலாற்றாசிரியர் இந்துஸ்தானத்தில் ஆங்கிலேயர் நடத்திய போர்களைப் பற்றி எழுதிய பெருநூலின் முதல் தொகுதி 1763-இல் வெளிவந்தது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் நடந்த பாளையக்காரர் போர்களைப் பற்றிப் பேசும் எவரும் இன்றும் அந்நூலைத் தொடாமல் போவதில்லை. அக்காலப் போர்வரலாறுகளில் 'சர்ப்ரைஸ்' என்றால் பிறந்தநாளுக்கு மறைத்து வைத்துத் தரும் பரிசு என்று பொருளில்லை. காவலர் கண்ணயர்ந்த வேளையில் கோட்டைமேல் பாய்வது என்று பொருள்.

ஆக, ஒரு சொல்லில் வெளியே நோக்கி நிற்கும் காவலாளி இருக்கிறான். மற்றொன்றில் பதுங்கி வருபவன். மூன்றாவதில் பாய்ந்து பிடிப்பவன். மூன்றுக்கும் பொதுவானது ஒன்றுண்டு. காவல் என்ற ஒன்று இருந்தால்தான் இவற்றுக்குப் பொருள். பார்த்திருப்பது யாரோ ஒருவருடைய கடமை. அவர் பாராதபோது வந்ததே எதிர்பாராதது. இந்தக் காவலாளியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுரையின் பிற்பகுதியில் அவரைத் தேடவேண்டியிருக்கிறது.

நமது 'எதிர்பார்' என்ற சொல்லின் அமைப்பும் ஏறக்குறைய இதுவே: எதிரே பார்த்தல். வடமொழியின் 'பிரதீக்ஷை'யும் அப்படியே. 'பிரதி' என்றால் எதிராக. 'ஈக்ஷ்' என்றால் பார்த்தல். மலையாளத்தார் 'அப்ரதீக்ஷிதம்' என்று சொல்வது இதன் எதிர்மறை. மூன்று மொழிகள் வருங்காலத்தைக் கண்ணால் பார்க்கும் பொருளாகவே பாவித்திருக்கின்றன.

என்று சொல்லும் திடீர்

ஆனால் பழந்தமிழில் திடீர்த்தன்மையைச் சொல்ல வழங்கிய சொற்கள் கண்ணைச் சார்ந்தவை அல்ல; பெரும்பாலும் காதையும் நெஞ்சையும் சார்ந்தவை. திருக்குறளில் இரண்டு நல்ல சான்றுகள் உள்ளன. காலமறிதல் அதிகாரத்தில் 'பொள்ளென' என்ற சொல் வருகிறது (487). பகைவர் தீங்கு செய்த அக்கணமே அறிவுடையோர் தம் சினத்தை வெளியே காட்டமாட்டார்கள் என்பது அங்கே கருத்து. கண்விதுப்பழிதலில் 'கதுமென' வருகிறது (1173). அன்று விரைந்து நோக்கிய கண்களே இன்று அழுகின்றன என்று தலைவி நகைக்கும் இடம் அது. இரண்டு இடங்களிலும் விரைவு வெளியிலிருந்து வந்து தாக்கும் நிகழ்ச்சியைச் சேர்ந்ததாக இல்லை. சினப்படும் மனிதரையும் நோக்கும் கண்களையும் சேர்ந்ததாக இருக்கிறது. அதாவது செய்பவர் யார் என்பது தொடரிலேயே தெரிகிறது.

இத்தகைய சொற்களைத் தாங்கி நிற்பது 'என' என்னும் இடைச்சொல். வினை, குறிப்பு, இசை, பண்பு, எண், பெயர் ஆகிய ஆறு வழிகளில் அது வரும் என்று தொல்காப்பியம் இடையியலில் வகுக்கிறது. உரையாசிரியர்கள் குறிப்புக்கு எடுத்துக்காட்டாக மனம் 'துண்ணென'த் துடிப்பதைக் காட்டுவார்கள். ஓசையாக வெளியே கேட்பது இசை. ஓசைபோல உள்ளே உணரப்படுவது குறிப்பு. திடுக்கென, சடக்கென, பொசுக்கென, திடீரென என்று இன்று நாம் சொல்லும் சொற்கள் எல்லாம் இக்குடும்பத்தின் வழித்தோன்றல்களே.

'என்' என்பது சொல்லுதலைக் குறிக்கும் வினை. 'திடீரென்று வந்தான்' என்னும்போது, வருகை 'திடீர்' என்று சொல்லிக்கொண்டு வந்தது என்றே தமிழ் கருதுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டினால் மலையாளத்தில் 'பெட்டென்னு' என்பார்கள். அதிலும் இதே 'என்று' இருக்கிறது. மலையைத் தாண்டாமல் பக்கத்திலுள்ள ராஜபாளையத்துக்குப் போனால் ராஜுக்களின் வீடுகளில் தெலுங்கு பேசப்படுகிறது. தெலுங்கில் எதிர்பாராமல் என்பதற்கு 'அனுகோகுண்டா' என்பது வழக்கு. 'அனு' என்றால் சொல். திராவிட மொழியியலாளர் இதைத் தமிழ் 'என்' வினையின் உறவாகவே கொள்வர். 'அனுகொனு' என்றால் தனக்குள் சொல்லிக்கொள், அதாவது நினை. ஆகவே 'அனுகோகுண்டா' என்றால் தனக்குள் சொல்லிக்கொள்ளாமல். எதிர்பாராதது என்பது முன்கூட்டி நமக்குநாமே சொல்லிக்கொள்ளாதது என்னும் இவ்விளக்கம் எத்தனை நுட்பமானது! இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட சிறு தொலைவுக்குள், ஒரே வினையடி திடீர்த்தன்மையை இருவேறு வழிகளில் விளக்கிவிடுகிறது. பிற வட்டாரங்களில் வேறு சொற்கள் வழங்குமாயின் நண்பர்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

தற்கால உரைநடையில் 'திடீரென்று' என்பதற்கு ஒரு மாற்றம் நேர்ந்தது. 'என்று' உதிர்ந்தது. திடீர் மரணம், திடீர் சோதனை, திடீர் திருப்பம் என்று அது பெயர்ச்சொல்லை நேரே தழுவத் தொடங்கியது. செய்தித்தாள் தலைப்புகளின் இடநெருக்கடிக்கு இதில் பங்குண்டு என்று கருதலாம். வினையைத் தழுவி நின்ற சொல் இவ்வாறு ஆங்கிலப் பெயரடையைப்போல ஆயிற்று. பிறகு அது எங்கும் ஒட்டிக்கொண்டது. ஓரிரவில் முளைத்த குடியிருப்பு திடீர் நகர். மதுரையில் அப்பெயரில் ஒரு பகுதியே இருக்கிறது. நேற்றுவரை இல்லாத கோயில் திடீர்ப் பிள்ளையார் கோயில். செல்வம் வந்தவர் திடீர்ப் பணக்காரர். மாவு அரைக்காமல் சுடுவது திடீர் தோசை. கேலி, ஐயம், வியாபாரம் எல்லாவற்றுக்கும் இச்சொல் உதவுகிறது. ஆனால் 'என்று' சொல்வதற்கு இருந்த வினையும், அவ்வினையைச் செய்தவரும் காணாமல் போயினர். 'திடீரென்று சுட்டார்கள்' என்ற தொடருக்கு எழுவாய் வேண்டும். 'திடீர்த் துப்பாக்கிச்சூடு' என்பதற்கு வேண்டியதில்லை.

மருட்கையும் அச்சமும்

எதிர்பாராத ஒன்று வந்தபின் மனிதருக்குள் என்ன நிகழ்கிறது? ஆங்கிலப் பெயரடை இதைப்பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நல்ல செய்திக்கும் அது பொருந்தும்; கெட்ட செய்திக்கும் பொருந்தும். தமிழ் மரபு இங்கே இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் கூறும் எட்டு மெய்ப்பாடுகளில் மருட்கையும் அச்சமும் அடுத்தடுத்து நிற்கின்றன. மருட்கை என்பது வியப்பு. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கு நிலைக்களன்களில் பிறக்கும். முன் கண்டிராதது, கண்டிராத அளவு பெரியது, நுண்ணியது, ஒன்று திரிந்து மற்றொன்றாவது என்று இவற்றை விளக்கலாம். அச்சமோ அணங்கு, விலங்கு, கள்வர், அரசர் ஆகியோரால் வருவது. வியப்புக்குப் பொருள்களின் தன்மைகளைக் காரணமாகச் சொன்ன நூல், அச்சத்துக்கு மட்டும் ஆட்களையும் உயிர்களையும் காரணமாகச் சொல்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

ஸ்ரீவில்லிபுத்தூரின் பழங்கதைகளை இவ்விரு மெய்ப்பாடுகளின் துணையோடு வாசித்தால் புதிய வெளிச்சம் கிடைக்கிறது. வடபத்ரசாயி கோயிலுக்குப் பூமாலை கட்டிக்கொடுக்கும் கைங்கரியத்தை மேற்கொண்டிருந்த விஷ்ணுசித்தர் என்னும் பெரியாழ்வார், தமது நந்தவனத்தில் துளசிச் செடிகளுக்கிடையே ஆடிப்பூரத்தன்று ஒரு பெண்குழந்தையைக் கண்டெடுத்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். இது புதுமை. ஆனால் மரபு அதைப் புதுமையாக விட்டுவிடவில்லை. ஜனகர் உழுத படைச்சாலில் சீதை கிடைத்தாள் அல்லவா, அதுபோலவே என்று உடனே ஒரு முன்னிகழ்ச்சியோடு இணைத்துவிட்டது. எதிர்பாராதது இவ்வாறு எதிர்பார்த்திருந்ததாக மாறுகிறது. பூமிப்பிராட்டி இங்கே அவதரிக்கவேண்டும் என்பது முன்பே குறிக்கப்பட்டது. நந்தவனத்துக்காரர் மட்டுமே அதை அறியாதிருந்தார்.

அக்குழந்தை வளர்ந்து, இறைவனுக்குரிய மாலையைத் தான் சூடிப்பார்த்துப் பின் அனுப்பிய கதை யாவரும் அறிந்தது. அதைக் கண்டு தந்தை திடுக்கிட்டார். இறைவனோ சூடிக்களைந்த அம்மாலையே வேண்டுமென்றான். ஒரே செயல் ஒருவருக்கு அச்சம், மற்றவருக்கு உவகை. தமிழ்நாட்டின் இச்சிற்றூர்க் கதை விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயரின் கையில் 'ஆமுக்தமால்யதா' என்ற தெலுங்குக் காவியமாயிற்று. கலிங்கப் படையெடுப்பின்போது ஆந்திர நாட்டு ஸ்ரீகாகுளத்தில் தங்கியிருந்த அரசரின் கனவில் ஆந்திர விஷ்ணு தோன்றி, இக்கதையைத் தெலுங்கில் பாடுமாறு பணித்ததாகக் காவியமே கூறுகிறது.

இவை எல்லாவற்றிலும் ஆழமானது பெரியாழ்வார் மதுரையில் கண்ட காட்சி. பாண்டியன் வல்லபதேவனின் அவையில் பரத்துவத்தை நிறுவியபோது பொற்கிழி தானாகத் தாழ்ந்து வந்தது. அரசன் அவரை யானைமேல் ஏற்றி நகர்வலம் செய்வித்தான். அப்போது திருமால் கருடன்மேல் பிராட்டியோடு வானில் தோன்றினான். வேறு எவராயினும் வியந்து நின்றிருப்பர்; அல்லது வரம் கேட்டிருப்பர். பெரியாழ்வாரோ அஞ்சினார். இத்தனை அழகும் இக்கூட்டத்தின் கண்படும்படி வெளியே வந்துவிட்டதே, இதற்கு ஏதேனும் தீங்கு நேர்ந்தால் என்னாவது என்று பதறி, காக்கும் கடவுளையே காக்கும்பொருட்டுப் பல்லாண்டு பாடினார். இந்த அச்சம் அறியாமையின் விளைவா என்று கேட்டுக்கொண்ட வியாக்கியானக்காரர்கள், அன்பு மிகுந்தால் காப்பவனும் காக்கப்படுபவனும் இடம் மாறிவிடுவர் என்று விடை சொன்னார்கள்.

நமது நோக்கில் இதன் பொருள் இன்னும் எளியது. எதிர்பாராத ஒன்று கண்முன் வந்தபோது அவர் தம்மைக் காவலாளியாக ஆக்கிக்கொண்டார்.

தற்செயலுக்கு ஒரு கணக்கு

'எதிர்பாராத' என்பதோடு நெருங்கிய உறவுடைய சில சொற்களையும் பார்த்துவிட வேண்டும். 'தற்செயல்' என்பது தன் செயல், தானாக நிகழ்ந்தது. முந்தைய தலைமுறையின் உரைநடையில் 'அகஸ்மாத்தாக' என்று எழுதுவார்கள். வடமொழியில் 'கஸ்மாத்' என்றால் எதிலிருந்து, எதனால். 'அகஸ்மாத்' என்றால் எதனாலுமன்றி. 'யதேச்சையாக' என்ற சொல்லின் கதை வேடிக்கையானது. 'யதா இச்சா' என்ற அதன் மூலத்துக்கு விருப்பப்படி என்பதே பொருள். கொடுங்கோன்மையைக் குறிக்கும் யதேச்சாதிகாரம் அப்பொருளிலேயே நிற்கிறது. ஆனால் 'யதேச்சையாகச் சந்தித்தேன்' என்றால் இன்று தற்செயலாக என்று பொருள். தற்செயலைக் குறிக்கும் 'யத்ருச்சா' என்ற வேறொரு வடசொல்லின் ஒலிநெருக்கம் இக்குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம். விருப்பமும் விருப்பமின்மையும் ஒரே சொல்லுக்குள் குடியேறிவிட்டன.

அந்த 'யத்ருச்சா'விலிருந்து பிறந்ததே 'யாத்ருச்சிகம்' என்னும் மணிப்பிரவாளச் சொல். பிள்ளை லோகாசாரியர் இயற்றிய 'ஸ்ரீவசனபூஷணம்' என்ற ரகசிய நூலில் அது ஒரு முக்கியமான கருத்தாக விளங்குகிறது. மனிதன் தான் அறியாமலே, வேறொன்றைச் செய்யும்போது இடையே நிகழ்ந்துவிட்ட நன்மை யாத்ருச்சிக சுகிருதம். ஒருவன் ஏதோ பேச்சில் ஒரு திருத்தலத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறான். மற்றொருவன் தன் வயலுக்கு நீர் இறைக்கும்போது வழிப்போக்கனான அடியவன் ஒருவன் அதில் தாகம் தீர்த்துக்கொள்கிறான். இன்னொருவன் பொழுதுபோக்குக்காகக் கட்டிய திண்ணையில் ஓர் அடியவன் இளைப்பாறுகிறான். செய்தவர்களுக்கு இவை நினைவில்கூட இல்லை. ஆயினும் இறைவன் இவற்றையெல்லாம் அவர்கள் கணக்கில் வரவாக எழுதிக்கொண்டு, அருள்வதற்கு இதையே காரணமாக்கிக்கொள்கிறான் என்கிறது நூல்.

இக்கருத்தை எழுதியவரின் வாழ்வு எதிர்பாராதவற்றால் அலைக்கழிக்கப்பட்டது. 14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுல்தானியப் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, முதுமையில் நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே வந்த பிள்ளை லோகாசாரியர், மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் காலமானார் என்பது மரபு. நம்பெருமாள் பல ஊர்களில் தங்கி, 1371-இல் தான் திருவரங்கம் திரும்பினார். ஸ்ரீவசனபூஷணத்துக்குப் பின்னாளில் பேருரை கண்டவர் மணவாள மாமுனிகள். பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய வியாக்கியானத்தில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. அழிந்த பகுதிக்கு மட்டும் மீண்டும் உரை எழுதிச் சேர்த்தவரும் அவரே. இருந்ததைத் தொடாமல் இழந்ததை மட்டும் ஈடுசெய்த அந்த அடக்கம் தனியே எழுதத்தக்கது. இது நிற்க.

இந்நூல்களின் இறையியலை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் விருப்பம். நமக்கு வேண்டியது அதிலுள்ள ஒரு நோக்கு மட்டுமே. செய்தவனுக்குத் தற்செயலாக இருப்பது, கணக்கு வைத்திருப்பவனுக்குத் தற்செயல் ஆகாது. எங்கோ ஒரு பேரேட்டில் அது பதிவாகிறது.

காவலாளி எங்கே?

இந்த நோக்கோடு இன்றைய செய்தித்தாளுக்கு வருவோம். 1920-களில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தபின், மழை குறைந்த அக்கரிசல் பூமியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத்தொழிலும் வேரூன்றின. பட்டினியிலிருந்து பல்லாயிரம் குடும்பங்களை அத்தொழில் மீட்டது என்பதை மறுக்க முடியாது. உயிர்களைக் கொண்டதும் அதுவே.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். முதல் தீயைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களில் பலர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் வட்டாரத்து அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இவை பெரியவை என்பதால் ஆண்டும் நாளும் நினைவில் நிற்கின்றன. ஒருவர், இருவர் என்று இறந்தவை செய்தித்தாளின் உட்பக்கங்களில் இருக்கின்றன. மருந்து கலக்கும்போது எதிர்பாராத விதமாக உராய்வு ஏற்பட்டது என்ற வாய்பாடு அங்கே அநேகமாக மாறுவதில்லை.

அதே வேளையில் வெடிமருந்து விதிகள் என்று ஒரு நூல் இருக்கிறது. வெடிபொருள் சட்டம் 1884-ஆம் ஆண்டினது. இப்போதுள்ள விதிகள் 2008-ஆம் ஆண்டினவை. ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம், ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்றெல்லாம் அத்தகைய விதிகள் வரையறுக்கின்றன. இவ்வரையறைகள் ஒவ்வொன்றும் ஓர் எதிர்பார்ப்பு. உராய்வு ஏற்படும், தீ பரவும், கூட்டம் இருந்தால் சாவு பெருகும் என்பதை எவரோ முன்பே பார்த்து, ராஜபாளையத்துத் தெலுங்கர் சொல்வதுபோலத் தனக்குள் சொல்லிக்கொண்டு, எழுதியும் வைத்திருக்கிறார்கள். விதிநூல் எதிர்பார்த்ததைச் செய்தி எதிர்பாராதது என்கிறது.

இங்கேதான் நமது இலக்கணம் துணைபோகிறது. 'எதிர்பாராத' என்பது எதிர்மறைப் பெயரெச்சம். அதற்குக் காலம் இல்லை: நேற்று எதிர்பாராத, இன்று எதிர்பாராத, என்றும் எதிர்பாராத. எழுவாயைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. 'தொழிலாளர் எதிர்பாராத விபத்து' என்று எழுதினால் ஒரு பொருள். 'ஆலையை நடத்தியவர் எதிர்பாராத விபத்து' என்று எழுதினால் உடனே, ஏன் எதிர்பார்க்கவில்லை என்று கேட்கத் தோன்றும். 'எதிர்பாராத விபத்து' என்று மட்டும் எழுதினால் எவரும் எதையும் கேட்பதில்லை. எதிர்பார்க்க முடியாதது வேறு, எதிர்பார்க்காதது வேறு, எதிர்பார்த்திருக்க வேண்டியது வேறு. மூன்றையும் ஒரே பெயரெச்சத்தில் அடைத்துவிடுகிறோம்.

இவ்வட்டாரத்துப் பழைய வழக்கம் ஒன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. திருநெல்வேலிச் சீமையில் தேசகாவல், ஸ்தலகாவல் என்று இருவகைக் காவல் முறைகள் இருந்தன. பாளையக்காரர்களும் ஊர்க் காவற்காரர்களும் குடிகளிடம் காவல்வரி பெற்றுக்கொண்டு பாதுகாப்புத் தந்தனர். களவு போனால் காவற்காரர் பொருளை மீட்டுத் தரவேண்டும். இயலாவிட்டால் அதன் மதிப்பை ஈடுகட்ட வேண்டும் என்பது அதன் விதி. இம்முறை காலப்போக்கில் கொள்ளைக்கும் மிரட்டலுக்கும் இடம்கொடுத்தது என்பதும் வரலாறே. பாளையக்காரர் போர்களின் முடிவில் கம்பெனியார் அவ்வுரிமையைப் பறித்துக்கொண்டனர். ஆனால் அதன் அடிப்படை தெளிவானது. காவல்கூலி வாங்கியவர், கள்வன் எதிர்பாராத விதமாக வந்துவிட்டான் என்று சொல்லித் தப்ப முடியாது. எதிர்பார்ப்பதற்கே அவருக்குக் கூலி.

ஆங்கிலேயச் சட்டம் வேறு வழியில் சென்றது. ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் சேர்த்துவைத்தவர் அது வெளியேறி விளைக்கும் கேட்டுக்குப் பொறுப்பு என்று ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர் வழக்கில் 1868-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஆனால் அப்பொறுப்புக்குச் சில விலக்குகளும் ஏற்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 'கடவுளின் செயல்'. யாத்ருச்சிகக் கணக்கெழுதிய திருவரங்கத்துக் கடவுள் இங்கே பழி சுமக்க அழைக்கப்படுகிறார். டெல்லியில் ஓர் ஆலையிலிருந்து 1985 டிசம்பரில் நச்சுவாயு கசிந்ததை ஒட்டிய எம்.சி. மேத்தா வழக்கில், தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு 1986 டிசம்பர் 20 அன்று இந்த விலக்குகளை அகற்றியது. இயல்பிலேயே ஆபத்தான தொழிலை நடத்துபவரின் பொறுப்பு முழுமையானது. எவ்வளவு கவனமாக இருந்தேன் என்ற வாதம்கூட அங்கே செல்லாது. பழைய காவற்காரரின் விதி, தெரிந்தோ தெரியாமலோ, உச்சநீதிமன்றத்தின் வழியாகத் திரும்பி வந்தது. சட்டம் கைவிட்ட பெயரடையைச் செய்தித்தாள்தான் இன்னும் கைவிடவில்லை.

செய்தி எழுதும் நண்பர்கள் வேண்டுமென்றே பழியை மறைக்கிறார்கள் என்று நான் கருதவில்லை. வாய்பாடு கையில் கிடைக்கிறது. பக்கம் முடியும் நேரம் நெருங்குகிறது. ஆயினும் சொற்களில் அக்கறையுள்ள நாமாவது, 'எதிர்பாராத' என்று எழுத நேரும்போதெல்லாம் அதன் முன்னே ஓர் எழுவாயை இட்டுப் பார்க்கலாம். எழுவாய் பொருந்தினால் சொல் இருக்கட்டும். துளசிச் செடியின் கீழ்க் கிடந்த குழந்தையை விஷ்ணுசித்தர் எதிர்பார்க்கவில்லை. அங்கே அச்சொல் நன்றாகவே பொருந்துகிறது. மருந்துச் சாலையில் உராய்வு ஏற்படும் என்பதை எதிர்பாராதவர் யார் என்று எழுத முயன்றால், கை சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கத்தைச் செய்தியில் சேர்க்க இடமில்லையெனில், 'எதிர்பாராத விதமாக' என்ற இரண்டு சொற்களை மட்டும் எடுத்துவிடலாம். உராய்வு ஏற்பட்டது, வெடித்தது, இத்தனை பேர் இறந்தனர் என்பதே எஞ்சும். வாசிப்பவர் மிச்சக் கேள்வியைத் தாமே கேட்டுக்கொள்வார்.